காதுக்குள் 22 எலெக்ட்ரோடு: எனக்கு முன்கூட்டியே யாரும் சொல்லாதவை

மூளைக்குள் சில்லு பதித்து மனிதரின் ஆற்றலைக் கூட்டப் போகிறார்கள் என்று செய்தி வரும்போதெல்லாம் எங்கள் அலுவலகத்தில் யாராவது என் பக்கம் திரும்புவார்கள். என் வலது காதுக்குப் பின்னால், தோலுக்கு அடியில் ஒரு கருவி இருக்கிறது. காதில் மாட்டும் வெளிக்கருவி ஒலியை வாங்கி அதற்கு அனுப்புகிறது. உள்கருவியிலிருந்து கிளம்பும் மெல்லிய இழை உள்காதின் நத்தைச் சுருளுக்குள் நுழைந்து, 22 எலெக்ட்ரோடுகள், அதாவது மின்சாரம் பாயும் சிறு முனைகள், வழியாகக் கேட்கும் நரம்பை மின்சாரத்தால் தூண்டுகிறது. காக்ளியர் இம்ப்ளான்ட் என்பது இதுதான். உலகத்தில் இதுவரை பத்து லட்சத்துக்கும் மேல் பொருத்தியிருக்கிறார்கள். மனித நரம்பு மண்டலத்தோடு இணைத்து ஒரு புலனையே திருப்பித் தரும் கருவிகளில் இந்த அளவுக்கு வெற்றி கண்டது வேறில்லை. அது என் தலைக்குள் வந்த கதையையும், அதற்காக நான் இழந்ததையும் எழுதுகிறேன். எனக்கு இதையெல்லாம் சொல்ல ஆள் இல்லை. உங்களுக்காவது இருக்கட்டும்.

எட்டு வயதில் பொன்னுக்கு வீங்கி வந்து என் இடது காது போய்விட்டது. அந்த நோய்க்கு ஒரு காதைச் செவிடாக்கும் குணம் உண்டு என்று பிறகுதான் தெரிந்தது. ஒரு காதோடு படித்தேன், கல்யாணம் ஆனது, கும்பகோணத்தில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்கு வேலை பார்த்தேன். நாற்பத்தொன்றாவது வயதில் ஒரு நாள் காலை எழுந்தபோது வலது காதும் அடைத்துக்கொண்டிருந்தது. உள்ளே விடாமல் ஒரு இரைச்சல். பையன் வாயசைப்பது தெரிகிறது, சத்தம் வரவில்லை. பக்கத்துத் தெரு மருத்துவர் பார்த்துவிட்டு, குரும்பி அடைத்திருக்கிறது, சளியும் இருக்கிறது என்று சொட்டு மருந்து கொடுத்தார். அந்த மருந்திலேயே ஒரு வாரத்துக்கு மேல் ஓடிவிட்டது.

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள். காது திடீரென்று, ஓரிரு நாளுக்குள் கேட்காமல் போனால் அது அவசர நோய். அன்றைக்கே காது மூக்கு தொண்டை நிபுணரிடம் போய், 'ஆடியோகிராம் எடுங்கள்' என்று வாய்விட்டுக் கேளுங்கள், எவ்வளவு கேட்கிறது என்று அளக்கும் பரிசோதனை அது. நரம்பு சார்ந்த கேளாமை என்றால் ஸ்டீராய்டு மருந்தை முதல் சில நாள்களுக்குள் தொடங்கினால்தான் திரும்பக் கிடைக்கும் வாய்ப்பு நன்றாக இருக்கும். இரண்டு வாரம் தாண்டத் தாண்ட அந்த வாய்ப்பு சுருங்கிக்கொண்டே போகும். தஞ்சாவூரில் நிபுணரைப் பார்த்தபோது எனக்கு மாத்திரையும் கொடுத்தார், செவிப்பறை வழியாக ஊசியும் போட்டார். பலன் இல்லை. அந்த ஒரு வாரத்தை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

என் கணவர் மஸ்கட்டில் வேலை பார்க்கிறார். தினமும் இரவு போனில் பேசிக்கொள்வதுதான் எங்கள் குடும்பம். அது நின்றுபோனது. "என்னங்க, இனிமே மெசேஜ்தான்" என்று நான் டைப் செய்த இரவு அழுதுகொண்டே தூங்கினேன். அலுவலகத்தில் வேலையை விட்டு நிறுத்தவில்லை, ஆனால் போன் எடுக்கும் வேலையும் வாடிக்கையாளரிடம் பேசும் வேலையும் இன்னொருவருக்குப் போனது. கல்யாண வீட்டில் எல்லோரும் சிரிக்கும்போது காரணம் தெரியாமல் நானும் சிரிப்பேன். இரண்டு காதும் போன பிறகு உலகம் அமைதியாக இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். எனக்குத் தலைக்குள் இரவும் பகலும் ஆலை ஓடுகிற சத்தம்.

அடுத்து ஹியரிங் எய்டு. கடையில் பரிசோதித்துவிட்டு, நல்ல சக்தி உள்ளது போட்டால் சரியாகிவிடும் என்று 68,000 ரூபாய்க்கு ஒன்று கொடுத்தார்கள். சத்தம் அதிர்வாகத் தெரிந்ததே தவிர ஒரு சொல்லும் விளங்கவில்லை. அந்தக் கருவி சத்தத்தைப் பெரிதாக்கும், அவ்வளவுதான். பெரிதான சத்தத்தை நரம்புக்கான குறியீடாக மாற்ற உள்காதில் மயிர்செல்கள் உயிரோடு இருக்க வேண்டும். உட்புற வரிசையில் பிறவியில் சுமார் 3,500 செல்கள்தான் இருக்கும், போனால் மனிதருக்கு மறுபடி முளைக்காது. கடுமையான கேளாமை என்று ஆடியோகிராம் சொன்னால், இரண்டு வாரமாவது வீட்டில் போட்டுப் பார்க்கக் கொடுக்காத கடையில் எதையும் வாங்காதீர்கள். உதடு பார்க்காமல் எத்தனை சொல் புரிகிறது என்ற பரிசோதனையையும் செய்யச் சொல்லுங்கள். சத்தம் கேட்பது வேறு, பேச்சு புரிவது வேறு.

இம்ப்ளான்ட் என்று முடிவான பிறகு பெரிய கேள்வி, எந்தக் காதில் என்பது. சொந்தக்காரர்கள் எல்லோரும், எப்படியும் வீணாய்ப்போன இடது காதில் வைத்துக்கொள், வலது காது ஒருவேளை திரும்பி வரலாம் என்றார்கள். கேட்கச் சரியாகத்தான் இருந்தது. சென்னையில் பார்த்த மருத்துவர்தான் பொறுமையாக ஒரு தாளில் எழுதி எழுதி விளக்கினார். கேட்பது காது இல்லை, மூளை. முப்பது ஆண்டுக்கு மேல் இடது காதிலிருந்து ஒரு தகவலும் போகாததால் அந்த வழிக்கான நரம்பும் மூளைப் பகுதியும் வேறு வேலைக்குப் பழகியிருக்கும். வலது காதோ நேற்றுவரை பேச்சைக் கொண்டுபோன பாதை, அதில் மின்சாரம் கொடுத்தால் மூளை அடையாளம் கண்டுகொள்ளும். பிறவியிலேயே கேட்காத குழந்தைகளுக்குச் சுமார் மூன்றரை வயதுக்குள் இம்ப்ளான்ட் வைத்துவிட வேண்டும் என்று அவசரப்படுவதற்கும் இதுதான் காரணம், அதற்குப் பிறகு மூளையின் அந்தக் கதவு மெல்ல மெல்ல மூடிக்கொள்கிறது. உங்களுக்கு இரண்டு காதும் வெவ்வேறு காலத்தில் போயிருந்தால், எது எத்தனை ஆண்டு கேட்காமல் இருக்கிறது என்பதை முதல் கேள்வியாக வையுங்கள். சி.டி., எம்.ஆர்.ஐ. எடுத்து நரம்பு இருக்கிறதா, சுருள் அடைபடாமல் இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள்.

காத்திருந்த மாதங்களில் இதன் வரலாற்றைத் தேடிப் படித்தேன். 1957இல் பாரிசில் ஜூர்னோ, ஏரியஸ் என்ற இருவர் முதன்முதலாகக் கேட்கும் நரம்பை நேரடியாகத் தூண்டினார்கள். வில்லியம் ஹவுஸ் லாஸ் ஏஞ்சலிசில் ஒரே ஒரு எலெக்ட்ரோடு கொண்ட கருவியை உருவாக்கினார், அதற்கு அமெரிக்க அனுமதி 1984இல் கிடைத்தது. ஒற்றை எலெக்ட்ரோடில் தாளம் தெரியும், சொல் தெரியாது. மெல்போர்னில் கிரேம் கிளார்க் பல எலெக்ட்ரோடுகளைச் சுருளுக்குள் எப்படி நுழைப்பது என்று திணறிக்கொண்டிருந்தபோது, கடற்கரையில் ஒரு சங்குக்குள் புல்லின் இதழை நுழைத்துப் பார்த்தாராம். நுனி வளைந்தும் அடி விறைத்தும் இருந்ததால் அது சுருளுக்குள் வழுக்கிக்கொண்டு போனது. 1978இல் ராட் சாண்டர்ஸ் என்பவருக்கு அவர் பொருத்தினார். இதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. அப்போது முதல் ஆளாகப் போய்ப் படுத்த அந்த மனிதரை நினைத்துக்கொள்வேன்.

இனி பணம். தமிழக முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இது கிடைக்கிறது. மத்திய அரசின் திட்டமும் குழந்தைகளை நோக்கியதுதான். என்னைப் போல் நாற்பது வயதில் காது போனவர்கள் சொந்தப் பணத்தைத்தான் புரட்ட வேண்டும். கருவிக்கு 8,40,000 ரூபாய், மருத்துவமனைக்கு 1,65,000, ஸ்கேன், தடுப்பூசி, சென்னையில் தங்கல், அலைச்சல், பிறகு பயிற்சி எல்லாம் சேர்த்துப் பதினொன்றரை லட்சத்தைத் தொட்டது. நகைக்கடன், ஏலச்சீட்டு, கணவரின் சேமிப்பு என்று மூன்றையும் உருவித்தான் கட்டினோம். பல ஆண்டாகப் பிரீமியம் கட்டிய எங்கள் காப்பீட்டு நிறுவனம், காதில் மாட்டும் பகுதி வெளிக்கருவி, அதற்குப் பணம் கிடையாது என்று எழுதிவிட்டது. உள்ளே வைத்ததற்கும் உச்சவரம்பு வைத்து 2,00,000தான் கொடுத்தார்கள். அறுவை சிகிச்சைக்கு முன்பே உள்கருவிக்கும் வெளிக்கருவிக்கும் தனித்தனி விலை போட்டுக் கொட்டேஷன் வாங்கி, காப்பீட்டு நிறுவனத்திடம் எழுத்தில் பதில் கேளுங்கள். வாய்மொழியாக "பார்த்துக்கலாம் மேடம்" என்பதை நம்பிப் படுக்காதீர்கள். மாற்றுத்திறனாளி சான்றிதழும், யு.டி.ஐ.டி. என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டையும் வாங்கி வையுங்கள். வருமான வரியில் பழைய முறையில் இருக்கும் மாற்றுத்திறனாளிக்கு 75,000 ரூபாய் கழிவு உண்டு, கடுமையான குறைபாடு என்று சான்றிதழ் சொன்னால் 1,25,000. ஆடிட்டர் அலுவலகத்திலேயே இருப்பதால் எனக்கு இது தெரியும், தகுதி இருந்தும் இதைக் கேட்காமல் விட்டவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன்.

அறுவை சிகிச்சை நான் பயந்த அளவுக்கு இல்லை. மூளைக்காய்ச்சல் ஆபத்தைக் குறைக்க நிமோகாக்கல் தடுப்பூசி போட்டார்கள், அதைப் போட்டாயிற்றா என்று நீங்களே கேட்டுவிடுங்கள். காதுக்குப் பின்னால் கொஞ்சம் முடி மட்டும் மழித்தார்கள். எழுந்த பிறகு சில நாள் தலைசுற்றல். யாரும் சொல்லாதது வேறொன்று: நாக்குக்குச் சுவை கொண்டுபோகும் மெல்லிய நரம்பு நடுக்காது வழியாகத்தான் போகிறதாம். அது உரசியதால் வாரக்கணக்கில் எதைச் சாப்பிட்டாலும் தகரம் நக்கியதுபோல இருந்தது. டிகிரி காபி ஊரில் பிறந்து வளர்ந்தவளுக்குக் காபியைக் கண்டாலே குமட்டியது. பிறகு சரியானது. முன்பே தெரிந்திருந்தால் அந்த வாரங்களில் அவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

கருவியை முதன்முதலில் இயக்கும் நாளை ஸ்விட்ச் ஆன் என்பார்கள். காயம் ஆறி மூன்று நான்கு வாரம் கழித்து நடக்கும். இணையத்தில் அந்தத் தருணத்தின் வீடியோக்களைப் பார்த்துப் பார்த்துத்தான் நான் அந்த நாளுக்காக உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டதும் கண்ணீர் விட்டுக் கட்டிப்பிடித்துக்கொள்வார்கள். எனக்குக் கேட்டது கீச் கீச் என்ற ஓசை. கருவியை இயக்கிய ஆடியாலஜிஸ்ட், அதாவது கேட்கும் திறன் நிபுணர், பேசினாலும் கீச், நாற்காலி நகர்ந்தாலும் கீச். பையன் "அம்மா" என்றான், உதட்டைப் பார்த்துத்தான் தெரிந்தது. பதினொரு லட்சத்துக்கு இதுவா என்று உள்ளே இடிந்து போனேன். திரும்பும் ரயிலில் கருவியைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டேன்.

ஏன் அப்படி இருந்தது என்பது பிறகு புரிந்தது. உள்காதின் சுருள் இரண்டரைச் சுற்று. வாசலில் கீச்சுக்குரலுக்கான நரம்புகள், உச்சியில் தடித்த குரலுக்கானவை. எலெக்ட்ரோடு இழை பெரும்பாலும் உச்சிவரை எட்டுவதில்லை. அதனால் எல்லா ஒலியும் மேல் ஸ்தாயிக்கு நகர்ந்து கேட்கிறது. சுமார் 30,000 நரம்பிழைகள் செய்த வேலையை 22 முனைகள் செய்கின்றன, அந்த மின்சாரமும் ஓரிடத்தில் நிற்காமல் பக்கத்தில் பரவுகிறது. இந்தக் குறைச்சலான, இடம் மாறிய தகவலிலிருந்து மூளை பழைய சொற்களைத் தேடிப் பொருத்த வேண்டும். அதற்கு மாதங்கள் பிடிக்கும். விழித்திருக்கும் நேரமெல்லாம் கருவியை மாட்டியிருக்க வேண்டும், கழற்றி வைக்கிற ஒவ்வொரு மணி நேரமும் அந்தப் பாடம் நின்றுபோகும். மேப்பிங் என்று ஒவ்வொரு எலெக்ட்ரோடுக்கும் குறைந்தபட்ச, அதிகபட்ச அளவை மாற்றி அமைப்பார்கள். அதற்குப் போகும்போது "சரியாகக் கேட்கவில்லை" என்று மட்டும் சொன்னால் அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது. பாத்திரச் சத்தம் குத்துகிறது, ச தெரியவில்லை, பெண் குரல் மட்டும் இரைகிறது என்று நோட்டில் எழுதிக் கொண்டுபோங்கள். நான் அப்படிப் போக ஆரம்பித்த பிறகுதான் மேப் நன்றாக அமைந்தது.

பயிற்சிதான் என் கதையில் பெரிய பகுதி. கைப்பேசியில் நான் தேடிப் பார்த்த செயலிகள் எல்லாம் ஆங்கிலம். தமிழுக்கு நானும் என் பையனும் சேர்ந்து ஒன்று உருவாக்கிக்கொண்டோம். அவன் வாயை அட்டையால் மறைத்துக்கொண்டு இரண்டு சொல் எழுதிய தாளை நீட்டுவான், ஒன்றைச் சொல்வான், நான் தொட வேண்டும். முதலில் படம், பாடம். பிறகு படு, பட்டு. இவை சீக்கிரமே வந்துவிட்டன. ஒலி எவ்வளவு நேரம் நீள்கிறது, நடுவில் எங்கே தடைபடுகிறது என்பதை இந்தக் கருவி நன்றாகவே தருகிறது, குறில் நெடில் பிடிபட்டதற்கு அதுதான் காரணம். மணி, பனி, பணி என்று வந்தபோது திணறினேன். ம, ப இரண்டும் உதட்டிலும் ஒன்றுபோலவே தெரியும், ண, ன வேறுபாடோ மிக நுட்பமானது. வால், வாள், வாழ் மூன்றும் எனக்கு இன்றும் ஒன்றுதான், வாக்கியத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறேன். "அம்மா, கோவப்படாத, இன்னொரு தடவ சொல்றேன்" என்று பத்தாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை எத்தனை இரவு எனக்காக உட்கார்ந்தான். பிறகு அவன் தமிழ்ப் பாடத்தை வாசித்துப் பதிவு செய்து கொடுப்பான், நான் புத்தகத்தில் விரல் வைத்துக்கொண்டே கேட்பேன். கண் பார்ப்பதை வைத்துக் காது கற்றுக்கொள்ளும். அதற்கும் பிறகு புத்தகம் இல்லாமல், அப்புறம் ஆகாசவாணிச் செய்தி. சில மாதம் கழித்து ஒரு நாள் அடுக்களையில் நின்றபடி, திரும்பிப் பார்க்காமல், "தோசைக்குச் சட்னி இருக்கா" என்று அவன் கேட்டதற்குப் பதில் சொன்னேன். சொன்ன பிறகுதான் இருவருக்கும் உறைத்தது.

இசை திரும்பவில்லை. அதை நேராகச் சொல்லிவிடுகிறேன். தாளம் கிடைக்கிறது, தவிலின் நடையைத் துல்லியமாகப் பின்தொடர முடிகிறது. நாதஸ்வரம் அலறலாக வருகிறது. சுரத்துக்குச் சுரம் உள்ள இடைவெளியும் கமகமும் 22 முனைகளில் பிடிபடவில்லை. சின்ன வயதில் கேட்டுப் பழகிய பாட்டு என்றால் வரியைக் கண்ணால் படித்துக்கொண்டே கேட்கும்போது நினைவிலிருந்து கொஞ்சம் எழுந்து வரும். காவிரிக்கரை ஊரில் இருந்துகொண்டு இதை இழந்தது எனக்குப் பெரிய துக்கம். போனில் பேசுவது ஆணா பெண்ணா என்பதும் பல நேரம் தெரியாது. அலுவலகத்தில் எழுபதும் எண்பதும் குழம்புவதால் தொகையை எல்லாம் எழுத்தில் அனுப்பச் சொல்லிவிடுகிறேன்.

தினசரி வாழ்க்கைக்குச் சில சொல்கிறேன். வியர்வைதான் நம் ஊரில் முதல் எதிரி, ராத்திரி தவறாமல் ஈரம் உறிஞ்சும் பெட்டியில் வையுங்கள். ஹெல்மெட் போடும்போது, வெளிக்கருவியைத் தலையில் ஒட்டவைக்கும் காந்த வட்டு நகர்ந்து சாலையில் திடீரென்று எல்லாம் நின்றுவிடும், வீட்டு வாசலிலேயே போட்டுப் பார்த்துச் சரிசெய்துகொண்டு கிளம்புங்கள். ஹேர்பின் அந்தக் காந்தத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். எம்.ஆர்.ஐ. எடுக்க நேர்ந்தால் உங்கள் கருவியின் மாடலுக்கு எது அனுமதி என்று தயாரிப்பாளரின் அட்டையைக் காட்டிக் கேட்க வேண்டும். கழுத்துவலிக்குப் பிசியோதெரபிக்குப் போனால் டயதெர்மி வெப்பச் சிகிச்சை கூடவே கூடாது. வேறு எந்த அறுவை சிகிச்சையிலும் மயக்க மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள்.

இப்போது அலுவலகத்தில் கேட்கும் அந்தக் கேள்விக்கு வருகிறேன். "அக்கா, உங்களுக்கு போன் நேரா மூளைக்கே போகுதாமே, எங்களுக்கும் அப்படி வெச்சுக்கலாமா?" என்று ஒரு தம்பி கேட்டான். உண்மைதான். போன் ஒலி அறைக்குள் வராமலே எனக்குக் கேட்கும். இரவில் கழற்றிவிட்டால் எந்தத் தெரு நாயும் என்னை எழுப்பாது. 2024 ஜனவரியில் நியூராலிங்க் நிறுவனம் 1,024 எலெக்ட்ரோடு கொண்ட கருவியை, கழுத்துக்குக் கீழே செயலிழந்த ஒரு இளைஞரின் மூளையில் வைத்தது. அவர் நினைப்பாலேயே கணினியில் சதுரங்கம் ஆடினார். எனக்கு அது மனதார மகிழ்ச்சி. சில வாரங்களில் இழைகள் பல மூளைத் திசுவிலிருந்து பின்னுக்கு நழுவின என்பதும் மென்பொருளை மாற்றிச் சமாளித்தார்கள் என்பதும் அதே கதையின் பகுதி.

எனக்கு இன்னும் நெருக்கமாகப் பட்டது ஆர்கஸ் 2 என்ற செயற்கை விழித்திரையின் கதை. அமெரிக்காவின் செகண்ட் சைட் நிறுவனம் செய்தது, 60 எலெக்ட்ரோடு, 2013இல் அங்கே அனுமதி கிடைத்தது. உலகெங்கும் 350 பேருக்கு மேல் பொருத்தினார்கள். பிறகு வியாபாரம் கட்டுப்படியாகாமல் நிறுவனம் அந்தக் கருவியைக் கைவிட்டது. கண்ணுக்குள் கருவி இருக்கிறது, பழுதானால் பார்க்க ஆள் இல்லை என்ற நிலைக்கு அந்த மனிதர்கள் வந்துவிட்டார்கள். இதைப் படித்த இரவு நான் தூங்கவில்லை. என் உள்கருவிக்குப் பத்து ஆண்டு உத்தரவாதம், வெளிக்கருவிக்கு அதைவிடக் குறைவு. அந்த மாடலுக்கு உதிரிபாகம் நிறுத்தப்பட்டால் புதியது வாங்க வேண்டும், லட்சக்கணக்கில். வாங்கும் முன் இந்த நிறுவனம் பழைய மாடல்களை எத்தனை ஆண்டு ஆதரித்திருக்கிறது, பத்து ஆண்டுக்கு முன் வைத்துக்கொண்டவர் யாரையாவது சந்திக்க முடியுமா என்று கேளுங்கள். நான் கேட்டேன். மதுரையில் ஒரு அம்மாவை அறிமுகப்படுத்தினார்கள். அவர் ஒரு மணி நேரத்தில் சொன்னது எந்தக் கையேட்டிலும் இல்லை.

அந்தத் தம்பிக்கு நான் சொன்ன பதில் இதுதான். இழை உள்ளே போகும்போது மிச்சமிருக்கும் இயற்கையான கேட்கும் திறனும் பெரும்பாலும் போய்விடக்கூடும். எனக்கு இழக்க ஒன்றும் மிச்சமில்லை, அதனால் கிடைத்ததெல்லாம் லாபம். நல்ல காதும் நல்ல மூளையும் உள்ளவன் இதைக் கூடுதல் வசதிக்கென்று வைத்துக்கொண்டால், 30,000 நரம்பிழைகளைக் கொடுத்து 22 முனைகளை வாங்குகிறான். நாளைக்கு ஆயிரம் முனைகள் வரலாம், பத்தாயிரம் வரலாம், வரட்டும். அப்போதும் அறுவை சிகிச்சை உண்டு, மாதக்கணக்கில் மூளைக்குப் பயிற்சி உண்டு, ஒரு நிறுவனத்தை வாழ்நாள் முழுக்க நம்பி இருப்பதும் உண்டு. நோயாளிக்கு அந்த விலை நியாயம். சுகமாக இருப்பவருக்கு இன்றைக்கு அது நியாயம் என்று என்னால் சொல்ல முடியாது.

இடது காதுக்கும் வைக்கலாமா என்று போன முறை மேப்பிங்குக்குப் போனபோது பேச்சு வந்தது. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். முப்பது ஆண்டு மௌனத்துக்குப் பிறகு அதில் கிடைப்பது கொஞ்சமாகத்தான் இருக்கும், மருத்துவரும் அதை மறுக்கவில்லை. ஜெர்மனியில் கோட்டிங்கன் நகரில், மின்சாரத்துக்குப் பதிலாக ஒளியால் கேட்கும் நரம்பைத் தூண்டி ஒலிகளை இன்னும் நுட்பமாகப் பிரித்துத் தர முயல்கிறார்கள். விலங்குகளில் சோதித்திருக்கிறார்கள். அது மனிதருக்கு வரும் நாளில் இன்னும் கத்தி படாத ஒரு காது என்னிடம் இருக்கட்டும் என்று நினைக்கிறேன். அதுவரைக்கும் வலது காதின் வெளிக்கருவியை மாற்றும் செலவுக்காக மாதம் 6,000 ரூபாய் ஆர்.டி. போட்டு வருகிறேன்.